நதியை எழுதியவர்

கரோல் ஷாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘வீடியோ கேம் வடிவமைத்த முதல் பெண்களில் ஒருவர்’ என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அந்தப் பட்டத்துக்கு அடியில் அவருடைய வேலை புதைந்துபோகிறது. எனக்கு அந்த வேலையைப் பற்றித்தான் பேச வேண்டும்.

பெர்க்லியில் கணினியியல் படித்துவிட்டு 1978இல் அடாரியில் சேர்ந்தார் ஷா. அங்கே அவர் முதலில் செய்த ‘போலோ’, ஒரு வாசனைத் திரவியத்தின் விளம்பரத்துக்கானது. அப்போது வெளிவரவே இல்லை. ஒருநாள் ஆய்வகத்துக்கு வந்த நிறுவனத் தலைவர் ரே கஸார், பெண் ஒருவர் கிடைத்துவிட்டார், இனி கார்ட்ரிட்ஜ்களுக்கு நிறப்பொருத்தம் பார்க்கலாம் என்ற தோரணையில் பேசியதை ஷாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நிரல் எழுத வந்தவரிடம் திரைச்சீலைக்கு நிறம் கேட்பதுபோல!

அடாரி அன்று யார் பெயரையும் பெட்டியில் போடாது, ஆண்கள் பெயரையும்தான். அந்தக் கோபத்தோடு வெளியேறியவர்கள் 1979இல் தொடங்கியது ஆக்டிவிஷன். ஷா அங்கே போய் 1982இல் ‘ரிவர் ரெய்ட்’ செய்தார். பெட்டியில் அவர் பெயர் இருந்தது.

நதியின் மேல் ஒரு போர்விமானம் பறக்கிறது. கப்பல்களையும் ஹெலிகாப்டர்களையும் சுட வேண்டும். எரிபொருள் தீர்வதற்குள் கிடங்கின் மேல் பறந்து நிரப்பிக்கொள்ள வேண்டும். அதே கிடங்கைச் சுட்டால் 80 புள்ளி. பெண் என்பதால் சிக்கனத்தை விளையாட்டாக்கினார் என்று யாராவது வியாக்கியானம் செய்யக்கூடும். நான் செய்யமாட்டேன். அது நல்ல விளையாட்டறிவு, அவ்வளவே.

அடாரி 2600இன் நினைவகம் 128 பைட். யூனிகோடில் ஒரு தமிழ் வாக்கியம் எழுதினால் நிறைந்துவிடும். கார்ட்ரிட்ஜில் 4 கிலோபைட். இந்தக் கட்டுரையே அதில் அடங்காது. இவ்வளவு நீளமான நதியை எங்கே வைப்பது? ஷா நதியை வைக்கவில்லை, அதைப் பிறப்பிக்கும் கணக்கை வைத்தார். ஓர் எண்ணின் இருமக் குறிகளை ஓரிடம் நகர்த்தினால் அடுத்த எண். அதிலிருந்து கரையின் வளைவு, தீவு, கப்பல், கிடங்கு எல்லாம். திரையின் இடப்பாதி வலப்பக்கம் கண்ணாடிபோல் பிரதிபலிக்கிறது. பார்க்கத் தற்செயல்போல இருக்கும். ஆனால் தொடக்க எண் மாறாததால், உலகில் யார் ஆடினாலும் அதே நதி. ஒருவர் மனப்பாடம் செய்த வளைவை இன்னொருவரிடம் சொல்லிக்கொடுக்கலாம்.

நிறப்பொருத்தத்துக்கு ஆள் என்று கருதப்பட்டவரின் விளையாட்டை, சிறுவர்களுக்குக் கேடு விளைவிக்கும் போர்வெறி என்று 1984இல் மேற்கு ஜெர்மனி தடைப்பட்டியலில் சேர்த்தது. 2002இல்தான் நீக்கியது.

ரிவர் ரெய்ட் தந்த வருமானத்தின் துணையோடு, ஷா 1990இல் வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வுபெற்றார். அச்சிட்ட நிரல்களையும் வரைபடங்களையும் பின்னர் ராச்செஸ்டரில் உள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் கணக்கை அங்கே வரிவரியாகப் படிக்கலாம்.