ராஜினி திரணகம: திரும்பி வந்த ஆசிரியை



செப்டம்பர் 5 அன்று ஆசிரியர் தின வாழ்த்து அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. அதே மாதம் 21-ஆம் தேதி வந்தால் எனக்கு இன்னொரு ஆசிரியையின் நினைவு வரும். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. அவரைப் பற்றி எனக்குச் சொன்னவள் என் மாணவி ஒருத்தி.

1990-களின் தொடக்கம். கன்னியாகுமரி பக்கத்திலுள்ள இலங்கை அகதிகள் முகாமிலிருந்து அவள் பள்ளிக்கு வருவாள். ஒருநாள் வகுப்பில், நம் ராணுவம் இலங்கைக்கு அமைதி காக்கச் சென்றது என்றேன். அவள் எழுந்து, "சேர், தீபாவளியண்டு எங்கட ஆஸ்பத்திரியில நடந்ததும் பாடத்தில இருக்கோ?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. "உட்காரும்மா, பாடத்தைப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் தனியாக அழைத்து விசாரித்தபோதுதான் ராஜினி என்ற பெயரைக் கேள்விப்பட்டேன்.

ராஜினி 1954-ல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். கொழும்பில் மருத்துவம் படித்தார். தயாபால திரணகம என்ற சிங்களவரை மணந்தார். இரண்டு பெண் குழந்தைகள். மலையகத்தில் ஹல்துமுல்ல என்ற சிற்றூரில் மருத்துவராக இருந்தார். பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் புதிய மருத்துவ பீடத்தில் உடற்கூறியல் கற்பித்தார். ஆரம்பத்தில் புலிகள் இயக்கத்தை ஆதரித்தார், காயம்பட்ட போராளிகளுக்கு மருந்து கட்டினார். நாளாக நாளாக, துப்பாக்கி தன் சொந்த மக்கள் பக்கமே திரும்புவதைக் கண்டு விலகினார்.

1983-ல் மேற்படிப்புக்கு இங்கிலாந்தின் லிவர்பூல் சென்றார். அங்கேயே தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். படித்தவர்கள் பலரும் யாழ்ப்பாணத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அவரோ 1986-ல் திரும்பி வந்து, உடற்கூறியல் துறைக்குத் தலைமை ஏற்றார்.

1987 அக்டோபரில் இந்திய ராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. 21-ஆம் தேதி, தீபாவளி நாளில், நம் படையினர் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்து சுட்டார்கள். நோயாளிகளோடு மருத்துவர்களும் தாதியரும் ஊழியர்களும் இறந்தார்கள். என் மாணவி கேட்டது இதைத்தான்.

சண்டையில் மூடிக்கிடந்த பல்கலைக்கழகத்தை மீண்டும் திறக்கப் பாடுபட்டவர்களில் ராஜினி முன்னே நின்றார். பாதிக்கப்பட்ட பெண்களைத் தேடிப் போய்க் கேட்டு எழுதினார். ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், ஸ்ரீதரன் ஆகியோருடன் சேர்ந்து 'முறிந்த பனை' நூலை உருவாக்கினார். இலங்கை அரசு, இந்திய ராணுவம், புலிகள், மற்ற இயக்கங்கள் என்று யார் செய்த கொடுமையையும் அந்த நூல் மறைக்கவில்லை. இதனால் எந்தப் பக்கமும் அவருக்குப் பாதுகாப்பு இல்லாமல் போயிற்று. தன்னைச் சுடப்போவது வெளியாள் அல்ல, இதே சமூகம் பெற்ற பிள்ளையாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே எழுதியிருந்தார்.

1989 செப்டம்பர் 21. பல்கலைக்கழக வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி உண்டு. அங்கே வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். வயது 35. சுட்டவன் எவனும் தண்டிக்கப்படவில்லை. நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது.

மக்களே, ராஜினியும் ஆசிரியர், நானும் ஆசிரியர். அவர் தன் பக்கத்தார் செய்த தவற்றையும் எழுதி, அதற்கு உயிரைக் கொடுத்தார். எனக்கு அன்று எந்த ஆபத்தும் இல்லை. இருந்தும் ஒரு குழந்தையின் கேள்வியை உட்காரச் சொல்லிவிட்டேன். அவள் இப்போது எந்த நாட்டில் இருக்கிறாளோ தெரியவில்லை. இதைப் படித்தால், அம்மா, உன் கேள்விக்கு என் பதில் இதுதான்: பாடத்தில் இல்லை. இருந்திருக்க வேண்டும். அன்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், செவிலியர்கள். சங்கடமான கேள்வி கேட்கும் பிள்ளையை உட்காரச் சொல்லாதீர்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.