சம்பளச் சீட்டும் கோயில் மாலையும்: நகரத்தார் தொழில் உறவுகள் உருவான வரலாறு

பர்மாவின் கொடுக்கல் வாங்கலை 1929-30இல் ஆராய்ந்த மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இயங்குவதாகக் கணக்கிட்டது. அவற்றில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய். கடைகளின் முதலாளிகளில் பெரும்பாலோர் பர்மாவில் இல்லை. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் சுற்றியிருந்த ஊர்களிலும் இருந்தார்கள். இரங்கூனிலும் ஐராவதிக் கழிமுகத்துச் சிற்றூர்களிலும் கடையை நடத்தியவர்கள் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஏஜெண்டுகள். கடிதம் போய்ப் பதில் வர வாரங்கள் ஆகும். தந்தி இருந்தது என்றாலும் கொடுக்கும் ஒவ்வொரு கடனுக்கும் தந்தி அடித்து உத்தரவு கேட்க முடியாது.

கண்காணாத தொலைவில் இவ்வளவு பணத்தை இன்னொருவர் கையில் எப்படி விட்டுவைத்தார்கள்? ஒரே சாதி, சொந்தபந்தம், அதனால் வந்த நம்பிக்கை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அதில் உண்மை உண்டு, ஆனால் பாதி உண்மைதான். சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் ஏமாற்றிய கதைக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை. செட்டியார்கள் எனப்பட்ட நகரத்தாரின் நம்பிக்கை பல தலைமுறைகளாக எழுத்தாலும் கணக்காலும் பயிற்சியாலும் கட்டப்பட்ட ஒன்று. அதன் வலிமையும் அதன் எல்லையும் ஒரே இடத்திலிருந்து பிறந்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் கடல் கடந்த வணிகத்தில் இல்லை. பழனிச் செப்பேடுகள் 17ஆம் நூற்றாண்டிலேயே நகரத்தாரை உப்பு வணிகர்களாகக் காட்டுகின்றன. விற்ற சரக்கின் மீது ஒரு சிறு பங்கை முருகனுக்கு மகமையாக ஒதுக்கியதை அவை பேசுகின்றன. தமிழக வணிகர் பலரிடமும் இருந்த வழக்கம்தான் இது. ஆனால் மகமை கொடுப்பதென்றால் எவ்வளவு விற்றோம் என்று பிறர் முன் சொல்லியாக வேண்டும். கூட்டாளிகளும் போட்டியாளர்களும் ஒருவர் வரவை ஒருவர் ஓரளவு அறிந்திருக்கும் நிலையைப் பக்தி வழியாகவே அது உண்டாக்கியது. இந்தச் சாதியமைப்பே ஒரு நிதி நிறுவனமாக இயங்கியது என்று 1994இல் வெளிவந்த தம் நூலில் ஆய்வாளர் டேவிட் ரட்னர் வாதிட்டதற்கு இத்தகைய சான்றுகளே அடிப்படை.

இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி ஆகிய ஒன்பது கோயில்களில் ஏதேனும் ஒன்றைச் சேர்ந்ததாகவே ஒவ்வொரு குடும்பமும் இருந்தது. திருமணமான ஒவ்வோர் இணையும் ஒரு ‘புள்ளி’. அந்தப் புள்ளிக்குக் கோயிலில் பதிவு உண்டு, வரி உண்டு. கல்யாணத்துக்குக் கோயிலிலிருந்து மாலை வரவேண்டும். கடன் தவறியவரோ பஞ்சாயத்துக்குக் கட்டுப்படாதவரோ இந்த ஏற்பாட்டை எளிதில் மீற முடியாது. தொழிலில் கெட்ட பெயர் எடுத்தால் அது மகன், மகள் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும். நீதிமன்றத் தீர்ப்பைவிட இந்த அச்சம் வேகமாக வேலை செய்தது.

பிரிட்டிஷ் ஆட்சி விரிந்த வழியே நகரத்தாரும் சென்றார்கள். இலங்கை, பினாங்கு, சிங்கப்பூர், பிறகு மோல்மீன். 1852இல் கீழ்பர்மா பிரிட்டிஷார் வசமானதும், 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐராவதிக் கழிமுகத்தைப் பெரும் நெற்களஞ்சியமாக்கின. காட்டை அழித்து வயலாக்க உழவருக்குப் பணம் தேவைப்பட்டது. ஐரோப்பிய வங்கிகள் சிற்றூர்களுக்குப் போகவில்லை, செட்டியார் ஏஜெண்டு போனார்.

அந்த ஏஜெண்டு எப்படி உருவானார் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பையனுக்குப் பள்ளிப்பருவத்திலேயே எண்சுவடியும் வட்டிக் கணக்கும் மனப்பாடம். பிறகு கடல் கடந்த கடை ஒன்றில் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். பணப்பெட்டிக்கு அருகே உட்கார்ந்து எடுபிடி வேலை பார்ப்பான். கணக்கு எழுதுவதையும் வந்தவரிடம் மேலாள் பேசுவதையும் கவனிப்பான். தேறினால் அடுத்தாள். இன்னும் பல ஆண்டுகள் கழித்து, முதலாளி சம்மதித்தால், மேலாள், அதாவது ஏஜெண்டு. பணக்கார வீட்டுப் பிள்ளைகளும் பிறர் கடையில் இப்படிப் பழகியது உண்டு. முதலாளி மகனை இன்னொருவரிடம் வேலைக்காரனாக அனுப்பும் துணிச்சலைத்தான் நான் இந்த ஏற்பாட்டின் சிறந்த பண்பு என்பேன். உத்தரவிடப் போகிறவன் முதலில் உத்தரவு வாங்கிப் பழகினான்.

ஏஜெண்டை அமர்த்தும்போது சம்பளச் சீட்டு எழுதப்படும். தவணை பொதுவாக மூன்று ஆண்டு. மொத்தச் சம்பளம் இவ்வளவு என்று அதில் குறிக்கப்படும். அதில் ஒரு பகுதி புறப்படும் முன்பே கையில் தரப்படும். குடும்பம் ஊரில் தங்கிவிடுவதால் இந்த முன்பணம் அவர்களுக்கு ஆதாரம். கடன் கொடுக்கவும் வாங்கவும் வழக்காடவும் ஏஜெண்டுக்கு முழு அதிகாரம் உண்டு. நன்றாக நடத்தினால் லாபத்தில் ஒரு பங்கும் உண்டு. கட்டுப்பாடு வேறு வழியில் வந்தது. குறித்த காலத்துக்கு ஒருமுறை ஐந்தொகை முதலாளிக்குப் போயாக வேண்டும். தவணை முடிந்ததும் புதிய ஏஜெண்டு வந்து, பேரேட்டில் நிற்கும் ஒவ்வொரு கடனையும் விசாரித்துப் பொறுப்பேற்பார். வராக்கடனை மறைத்துவைத்தால் அவர் கண்ணில் பட்டுவிடும், ஏனென்றால் அதை வசூலிக்க வேண்டியவர் இனி அவர். தணிக்கைக்கென்று தனி ஆள் வைக்காமலே மூன்றாண்டுக்கு ஒருமுறை தணிக்கை நடந்தது.

கடை இருந்த இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். இரங்கூனின் மொகல் தெருவிலும் சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவிலும் நீண்ட கூடம் ஒன்றில் பல கடைகள் அடுத்தடுத்து இருந்தன. சுவரோரம் ஓர் இரும்புப்பெட்டி அல்லது மரப்பெட்டி, முன்னே தரையில் உட்கார்ந்து எழுதத் தாழ்வான சாய்வு மேசை, ஒரு பாய். இவ்வளவுதான் ஒரு விலாசத்தின், அதாவது நிறுவனத்தின், அலுவலகம். பகலில் உட்கார்ந்த இடத்திலேயே இரவில் படுக்கை, சமையல் பொது. பக்கத்துப் பாயில் இருப்பவர் போட்டிக் கடைக்காரர். யாரிடம் யார் கடன் கேட்டு வந்தார், யார் தவணை தவறினார் என்பது கூடம் முழுக்கத் தெரியும். மேடானில் செட்டியார் கடையில் வேலைபார்த்த ப. சிங்காரம் ‘புயலிலே ஒரு தோணி’ நாவலில் இந்த உலகத்தை உள்ளிருந்து எழுதியிருக்கிறார். வரலாற்று ஆய்வாளர் அதைப் படிக்காமல் விடலாகாது.

இரங்கூனில் மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். ஒரு கடையில் பணம் தட்டினால் இன்னொரு கடை அந்த வட்டிக்குக் கொடுக்கும். கோயில் பணமும் ஆச்சிமார்கள் எனப்படும் நகரத்தார் பெண்களின் சீதனப் பணமும் இதே வட்டத்துக்குள் வைப்பாகச் சுழன்றன. ஆச்சிமார்களைப் பற்றித் தொழில் வரலாறுகள் மிகக் குறைவாகவே பேசுகின்றன, இது நியாயமன்று. மூன்றாண்டு கணவன் இல்லாத வீட்டை, பிள்ளைகளை, வரவு செலவை, உறவினர் சடங்குகளை நடத்தியவர்கள் அவர்கள். குடும்பத்தின் மானம்தான் கடையின் பிணை என்றால், அந்தப் பிணையைக் காத்தவர்கள் ஊரில் இருந்த பெண்களே. அதற்காக அவர்கள் இழந்த ஆண்டுகளை எந்த ஐந்தொகையும் காட்டவில்லை.

வெளியாருடன் இருந்த உறவு இப்படி இல்லை. முதலில் கொழும்பு. அங்கே ஐரோப்பிய வங்கிகள் செட்டியார்களுக்குக் குறுகிய காலக் கடன் கொடுத்தன. அவர்கள் அதை உள்ளூர் வணிகருக்கும் நிலக்காரருக்கும் கொடுத்தார்கள். 1925இல் ஒரு பெரிய கடை முறிந்ததும் வங்கிகள் மொத்தச் சமூகத்தின் மீதும் கையை இறுக்கின. 1934இல் வந்த இலங்கை வங்கிக் குழுவின் அறிக்கை இந்த முறிவின் விளைவுகளை விரிவாகப் பேசுகிறது. உள்ளே இருந்தவர்களுக்கு எந்தக் கடை நல்ல கடை என்று தெரியும். வெளியே இருந்த வங்கிக்கு எல்லாரும் ‘செட்டி’ மட்டுமே. கூட்டாகச் சம்பாதித்த பெயர் கூட்டாகவே போயிற்று.

பர்மாவில் நேர்ந்தது இன்னும் பெரியது. 1930இல் நெல் விலை சரிந்தது. உழவரால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் கடைக்காரர் பெயருக்கு மாறத் தொடங்கியது. கீழ்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார் வசமிருந்த நிலம் 1930இல் சுமார் 6 விழுக்காடு. 1930களின் இறுதியில் அது 25 விழுக்காட்டை எட்டியது. நிலத்தை அவர்கள் விரும்பி வாங்கவில்லை என்பதைப் பொருளியல் வரலாற்றாளர் ஷான் டர்னெல் உள்ளிட்டோர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். பணமாக வராத கடன் நிலமாக வந்தது. ஆனால் நிலத்தை இழந்த பர்மிய உழவருக்கு அந்த விளக்கத்தால் என்ன பயன்? தன் தகப்பன் காட்டை வெட்டித் திருத்திய வயலில் அவர் குத்தகைக்காரர் ஆகிவிட்டார்.

இங்கேதான் அந்த வலிமையின் மறுபக்கம் தெரிகிறது. கூடத்துக்குள் ஒரு கடை தடுமாறினால் கைகொடுக்கவும், பஞ்சாயத்தில் தவணை நீட்டவும், வட்டியைப் பேசி முடிக்கவும் இடம் இருந்தது. பர்மிய உழவருக்கு அந்தக் கூடத்தில் இடமே இல்லை. அவர் பேரேட்டில் ஒரு பற்றுவரி மட்டும். சில இடங்களில் ஏஜெண்டுகள் தவணை தள்ளிக்கொடுத்திருப்பார்கள், மனிதத்தன்மையோடு நடந்திருப்பார்கள். ஆனால் அது அந்தந்த ஆளின் குணம், நிறுவனத்தின் முறையாக அது அமையவில்லை. கடன்வாங்கியவரையும் ஒரு பங்காளியாகக் கருதும் அமைப்பு எதுவும் உருவாகாததால், 1930களின் தேசிய எழுச்சியில் செட்டியாருக்காகப் பேசப் பர்மியர் பெரும்பாலும் முன்வரவில்லை. 1942இல் ஜப்பானியர் நுழைந்தபோது பெரும்பாலோர் வெளியேறினார்கள். 1948இன் நில தேசியமயச் சட்டம் நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள வழிவகுத்தது.

இதற்கு முன்பே நகரத்தாரில் சிலர் வேறு வடிவத்துக்கு மாறத் தொடங்கியிருந்தார்கள். 1906இல் சென்னையின் அர்பத்நாட் நிறுவனம் திவாலானதைத் தொடர்ந்து, வி. கிருஷ்ணசாமி ஐயர் முயற்சியிலும் நகரத்தார் முதலீட்டிலும் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, இரங்கூன் என மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறந்தார். மோல்மீனில் 1900இல் வட்டிக்கடை தொடங்கிய முருகப்பச் செட்டியார் குடும்பம் 1930களில் முதலை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, 1949இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸுடன் கூட்டுச் சேர்ந்து சைக்கிள் தயாரிப்பில் இறங்கியது. கூட்டாளி வேற்று நாட்டார், தொழிலாளர் பல ஊர்க்காரர்கள். கோயில் மாலையால் யாரையும் கட்டிவைக்க முடியாத இடம் அது. பங்கு ஒப்பந்தமும் தொழிற்சங்கமும் நிலையாணையும் அங்கே உறவின் மொழியாயின.

முதலாளிகளின் கதை ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. ஏஜெண்டுகள், அடுத்தாட்கள், பெட்டியடிப் பையன்கள் கதை எழுதப்படவில்லை. அவர்களின் சம்பளச் சீட்டுகளும் கடிதங்களும் பேரேடுகளும் செட்டிநாட்டு வீடுகளின் பரண்களில் கிடக்கின்றன. வீடுகள் பிரிக்கப்பட்டுத் தேக்குத் தூண்கள் விலைபோகும்போது இந்தக் காகிதங்கள் பழைய தாள் கடைக்குப் போகின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் நூல் சேகரிப்பு இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கிறது. வணிக ஆவணங்களுக்கும் அப்படி ஓர் ஏற்பாடு உடனடியாக வேண்டும். மூத்த தலைமுறையில் அந்தக் கையெழுத்தையும் கணக்குக் குறிகளையும் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அந்த வேலை தொடங்கியாக வேண்டும்.