அணைந்து நின்ற உலையும் கப்பலேறிய குப்பையும்

ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் மாகாணத்தில் சலேர்னோ என்றொரு அமெரிக்கப் படைமுகாம் இருந்தது. நாளுக்குத் தலா 8 டன் குப்பையை எரிக்கக்கூடிய இரண்டு உலைகளை 50 லட்சம் டாலர் செலவில் அங்கே நிறுவினார்கள். சேரும் குப்பையைத் தீர்க்க அவை இரவும் பகலும் ஓடியாக வேண்டும். முகாமோ, எதிரியின் கண்ணில் படாமலிருக்கப் பொழுது சாய்ந்ததும் விளக்கை அணைத்துவிடும் முகாம். இருட்டில் உலையை ஓட்ட வழியில்லை. உலை சும்மா நிற்க, குப்பை வழக்கம்போலத் திறந்த எரிகுழிக்கே போனது.

அதே அமெரிக்கா இன்னொரு தொலைதூர முகாமையும் நடத்துகிறது. அது அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ ஆய்வுநிலையம். கோடையில் ஆயிரம் பேர் வரை தங்குவார்கள். ஒரு காலத்தில் உடைந்த வண்டிகளைக்கூடக் கடல்பனியின் மேல் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள்; பனி உடைந்தால் கடல் வாங்கிக்கொள்ளும். சாப்பாட்டு மிச்சத்தைத் திறந்தவெளியில் கொளுத்தினார்கள். 1991இல் அதை நிறுத்திவிட்டு, நல்ல உலை வரும்வரை தற்காலிக உலை ஒன்றில் எரிக்கலாம் என்று அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை முடிவு செய்தது. அதன் புகையில் நஞ்சு கலக்குமா என்று முறைப்படி ஆராயவில்லை என்று ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குப் போட்டது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத அந்த மண்ணிலும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் சட்டம் செல்லும் என்று 1993 ஜனவரியில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓர் அடுப்புக்காக நடந்த வழக்கு என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் புகை கிளம்புமுன்பே கேள்வி கேட்க அங்கே ஆள் இருந்தது.

1991இல் கையெழுத்தாகி 1998இல் நடப்புக்கு வந்த, அண்டார்க்டிகாவின் சூழலைக் காக்கும் மாட்ரிட் நெறிமுறை கட்டுப்பாட்டை இன்னும் இறுக்கியது. பிவிசி, ரப்பர், பேட்டரி, நுரைப் பிளாஸ்டிக் போன்றவற்றைக் கண்டத்தைவிட்டே வெளியேற்ற வேண்டும். உலையில் எரித்தால் சாம்பலையும் அள்ளிக்கொண்டு போக வேண்டும். எனக்கு இதில் பிடித்தது அந்தச் சாம்பல் விதிதான். சாம்பலுக்காகக் கப்பல் வரத்தான் வேண்டும் என்றால், குப்பையையே ஏற்றி அனுப்பிவிடலாமே! மெக்மர்டோவில் அதுதான் நடக்கிறது. ஆண்டுக்கொருமுறை சரக்கு இறக்க வரும் கப்பல், திரும்பும்போது பிரித்துக் கட்டிய குப்பையோடு அமெரிக்கா போகிறது. ஊருக்குக் கிளம்புபவர் விட்டுப்போகும் செருப்பு, சட்டை, பாதி ஷாம்பூ எல்லாம் தனி இடத்தில் சேரும், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். பொறுக்கித் தின்னும் ஸ்கூவா பறவையின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள்.

போர்முனையையும் ஆய்வுநிலையத்தையும் ஒப்பிடலாமா? குண்டு விழும் இடத்தில் யார் குப்பையைப் பிரிப்பார்கள் என்று கேட்டால் அதில் நியாயம் உண்டு. ஆனால் உலைக்கு அந்த நியாயம் தெரியாது. நல்ல உலையில் இரண்டு அறைகள். முதலறையில் குப்பை எரியும். அதன் புகை இரண்டாம் அறையில் 850 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெப்பத்தில் இரண்டு நொடியாவது நிற்க வேண்டும். உணவுக்கூடத்திலிருந்து வரும் ஒரு பையைப் பிரித்துப் பாருங்கள்: குழம்பில் ஊறிய காகிதத் தட்டு, பாதி தண்ணீரோடு மூடிய பாட்டில், இடையில் ஒரு பேட்டரி, அடியில் கொசு மருந்து ஸ்ப்ரே டப்பா. டப்பா உள்ளே வெடிக்கும். ஈரம் வெப்பத்தை விழுங்கும். ஈர வாழையிலையைக் கொளுத்திக் கண்ணைக் கசக்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குறையும் வெப்பத்தை டீசலால்தான் ஈடுகட்ட வேண்டும். அந்த டீசலோ தாக்குதலுக்குத் தப்பி மலைப்பாதையில் டேங்கரில் வர வேண்டும். கன்டெய்னரில் அடங்கும் உலையை நடமாடும் உலை என்கிறோம். கன்டெய்னர் லாரியேறி வந்துவிடும். எரிபொருளும் உதிரிபாகமும் ஓட்டத் தெரிந்த ஆளும் கூடவே வந்துவிடுவதில்லை.

ஆப்கானிஸ்தானில் 39 உலைகளுக்கு 8.21 கோடி டாலர் செலவானது என்றும், அவற்றில் 2.01 கோடி டாலர் மதிப்புள்ள 8 உலைகள் ஒருநாளும் எரியவில்லை என்றும் அமெரிக்க அரசின் சிறப்புத் தலைமை ஆய்வாளர் 2015இல் கணக்குக் காட்டினார். இதில் யுத்தத்தைவிட வரிசைக்குத்தான் பங்கு அதிகம் என்பேன். முதலில் ஆள் வந்தார்கள், பிறகு குழி வெட்டினார்கள், பல ஆண்டு கழித்து உலை வந்தது. சில இடங்களில் உலை தயாரானபோது முகாமையே மூடும் நேரம் வந்துவிட்டது. இராக்கின் பலாத் தளத்தில் பல ஏக்கர் பரப்பிலிருந்த குழியை, விமான எரிபொருள் ஊற்றி எரித்தார்கள். அங்கும் கேள்வி கேட்டார்கள், புகையைச் சுவாசித்த வீரர்கள், ஊர் திரும்பி நோயில் விழுந்த பிறகு. அவர்களுக்கான சிகிச்சையையும் இழப்பீட்டையும் விரிவாக்கும் சட்டம் 2022 ஆகஸ்டில்தான் வந்தது.

உலையே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவின் எபோலா சிகிச்சை முகாம்களில் செவிலியர் கழற்றிய கையுறையையும் அங்கியையும் அங்கேயே எரித்தார்கள். அவற்றை லாரியில் ஏற்றி ஊர் வழியே அனுப்பச் சொல்ல யாருக்கும் மனம் வராது. படைமுகாம்களின் குழிகளில் எரிந்ததோ, பெரும்பாலும், அட்டைப் பெட்டியும் தண்ணீர் பாட்டிலும் சோற்று மிச்சமும்தான்.