ரூ.86 கோடி பரிசு, கையில் தங்கக் காப்பு: 'வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர்' என்றால் என்ன? ஜெயித்தவர்கள் யார் யார்?

ஒவ்வொரு வருடமும் ஜூலை மாதம் வந்தால், 'சீட்டு விளையாடி கோடீஸ்வரர் ஆனார்' என்று ஒரு செய்தி உங்கள் மொபைலில் கண்டிப்பாக எட்டிப் பார்க்கும். கட்டுக்கட்டாக டாலர் நோட்டு, நடுவில் சிரித்துக்கொண்டு ஒருவர். 2025-ல் அந்த இடத்தில் இருந்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த மைக்கேல் மிஸ்ராச்சி. பரிசு 1 கோடி டாலர். நம்ம ஊர் கணக்கில் சுமார் 86 கோடி ரூபாய்.

இது என்ன போட்டி? யாரெல்லாம் ஜெயித்தார்கள்? இந்தியர்கள் இருக்கிறார்களா? நம்ம ஊரில் போக்கர் ஆடலாமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

போக்கர் எப்படி ஆடுவார்கள்?

இந்தத் தொடரின் முக்கியப் போட்டியில் ஆடப்படுவது 'டெக்சாஸ் ஹோல்டம்' வகை. ஒவ்வொருவருக்கும் 2 சீட்டு கவிழ்த்துக் கொடுப்பார்கள். அதை அவர் மட்டும்தான் பார்க்கலாம். பிறகு மேஜை நடுவில் முதலில் 3, அடுத்து 1, கடைசியாக 1 என 5 சீட்டுகள் திறக்கப்படும். அவை எல்லோருக்கும் பொது. மொத்தம் உள்ள 7 சீட்டில் சிறந்த 5 சீட்டு யாரிடம் சேர்கிறதோ அவர் ஜெயிப்பார்.

ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம். கையில் ஒன்றுமே இல்லாமல் பெரிய தொகை கட்டி எதிராளியை பயமுறுத்தி விலக வைக்கலாம். அதற்குப் பெயர்தான் 'பிளஃப்'. ரம்மிக்கும் போக்கருக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான்.

போட்டி எப்போது தொடங்கியது?

1970-ல். லாஸ் வேகாஸில் 'ஹார்ஸ்ஷூ' சூதாட்ட விடுதியை நடத்திய பென்னி பினியன், அந்தக் காலத்தின் பெரிய ஆட்டக்காரர்களை அழைத்து ஆட வைத்தார். முதல் வருடம் சாம்பியனைத் தேர்ந்தெடுத்த விதம் வேடிக்கையானது. ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டு ஜானி மோஸைத் தேர்வு செய்தார்கள். அடுத்த வருடம்தான் முறையான போட்டி நடந்தது. அதிலும் அவரே ஜெயித்தார்.

இப்போது இது ஒரே போட்டி இல்லை. வருடா வருடம் சுமார் ஏழு வாரம் நடக்கும் பல போட்டிகளின் தொடர். ஒவ்வொரு போட்டியிலும் ஜெயிப்பவருக்குப் பணத்தோடு ஒரு தங்கக் காப்பு உண்டு. 1976 முதல் இந்த வழக்கம் இருக்கிறது. கிரிக்கெட்டில் உலகக் கோப்பை போல, போக்கர் ஆடுபவர்களுக்கு இந்தக் காப்பு.

தொடரின் உச்சம் 'மெயின் ஈவன்ட்'. நுழைவுக் கட்டணம் 10,000 டாலர், அதாவது எட்டரை லட்சம் ரூபாய்க்கு மேல். 21 வயது நிரம்பிய யாரும் பணம் கட்டி உட்காரலாம். தகுதிச் சுற்று எதுவும் கிடையாது.

மறக்க முடியாத சாம்பியன்கள்

டாயில் பிரன்சன்: 1976, 1977 என அடுத்தடுத்து மெயின் ஈவன்ட் சாம்பியன். இரண்டு முறையும் கடைசி ஆட்டத்தில் அவர் கையில் இருந்தது 10-ம் 2-ம். இன்றைக்கும் அந்த ஜோடிச் சீட்டை அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

ஸ்டூ உங்கர்: 1980, 1981, 1997 என மூன்று முறை சாம்பியன். பலரும் மேதை என்று சொன்ன ஆட்டக்காரர். ஆனால் மூன்றாவது வெற்றிக்கு அடுத்த வருடமே, 45 வயதில், லாஸ் வேகாஸில் ஒரு மலிவு விலை விடுதி அறையில் இறந்து கிடந்தார். ஜெயித்த பணம் கையில் தங்கவில்லை.

ஃபில் ஹெல்முத்: 1989-ல் 24 வயதில் சாம்பியன். 2023-ல் 17-வது காப்பை வாங்கினார். இந்தத் தொடரில் இத்தனை காப்பு வேறு யாரிடமும் இல்லை.

கிறிஸ் மணிமேக்கர்: 2003-ல் எல்லாவற்றையும் மாற்றியவர் இவர். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கணக்காளர் வேலை. நூறு டாலருக்கும் குறைவாகக் கட்டி ஆடிய ஆன்லைன் போட்டியில் மெயின் ஈவன்ட் டிக்கெட் கிடைத்தது. நேரில் போய் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். 'மணிமேக்கர்' என்பது அவரது உண்மையான குடும்பப் பெயர்!

'அவருக்கு முடிந்தால் எனக்கும் முடியும்' என்று உலகம் முழுக்கக் கூட்டம் கிளம்பியது. 2003-ல் 839 பேர் ஆடிய மெயின் ஈவன்ட்டில் 2006-ல் ஆடியவர்கள் 8,773 பேர். அந்த வருடம் ஜேமி கோல்டு 1.2 கோடி டாலர் ஜெயித்தார். 2023-ல் டேனியல் வைன்மேன் 1.21 கோடி டாலரும், 2024-ல் ஜொனாதன் டமாயோ 1 கோடி டாலரும் வாங்கினார்கள். 2024-ல் ஆடியவர்கள் 10,112 பேர். 2025 வரை அதுதான் அதிகபட்சம்.

இந்தியர்கள் ஜெயித்திருக்கிறார்களா?

மெயின் ஈவன்ட்டில் 2025 வரை இந்தியர் யாரும் சாம்பியன் ஆனதில்லை. ஆனால் காப்பு வாங்கியவர்கள் உண்டு. 2017-ல் இருவர் சேர்ந்து ஆடும் 'டேக் டீம்' போட்டியில் ஆதித்யா சுஷாந்த், நிபுன் ஜாவா ஜோடி ஜெயித்தது.

பெரிய தொகை என்றால் பெங்களூருவைச் சேர்ந்த சந்தோஷ் சுவர்ணா. 2024-ல் 'சூப்பர் ஹை ரோலர்' போட்டியில் 54,15,152 டாலர், அதாவது சுமார் 45 கோடி ரூபாய் ஜெயித்தார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் போட்டியின் நுழைவுக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? 2.5 லட்சம் டாலர். அதாவது 2 கோடி ரூபாய்க்கும் மேல்!

பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது?

இங்கேதான் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பெரும்பாலான விளையாட்டுகளில் பரிசுத் தொகை ஸ்பான்சர் கொடுப்பது. போக்கரில் அப்படி இல்லை. ஆடுபவர்கள் கட்டுவதுதான் பரிசாகிறது.

2025 மெயின் ஈவன்ட்டில் 9,735 பேர் ஆளுக்கு 10,000 டாலர் கட்டினார்கள். அதில் நடத்துபவர்களின் செலவுக்கு ஆளுக்கு 700 டாலர் பிடித்துக்கொண்டு, மீதி 9,300 டாலர் பரிசுக்குப் போனது. மொத்தம் 9 கோடியே 5 லட்சத்து 35 ஆயிரத்து 500 டாலர்.

இதை வாங்கியது யார்? கிட்டத்தட்ட 15 சதவீதம் பேர். மீதி 85 சதவீதம் பேர் கட்டிய பணத்தை விட்டுவிட்டு வெறுங்கையோடு கிளம்பியவர்கள். போட்டோவில் வருவது ஒருவர். வராதவர்கள் எட்டாயிரம் பேருக்கு மேல்.

ஜெயித்தவருக்கும் முழுத் தொகை போவதில்லை. வரி ஒரு பக்கம். கட்டணத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு.

இன்னொரு விஷயமும் உண்டு. மெயின் ஈவன்ட்டில் ஒருமுறை தோற்றால் அந்த வருடம் மறுபடி பணம் கட்டி உள்ளே வர முடியாது. அதனால் நஷ்டம் 10,000 டாலரோடு நின்றுவிடும். மொபைலில் பணம் வைத்து ஆடும் ஆட்டம் அப்படியா? தோற்ற அடுத்த நிமிடமே யுபிஐ-யில் பணம் போட்டு மறுபடி உட்காரலாம். விட்டதைப் பிடிக்கிறேன் என்று உட்கார்ந்தவர்கள் நகை, நிலம் என்று இழந்தது இப்படித்தான்.

தமிழ்நாட்டில் போக்கர் ஆடலாமா?

2025 ஆகஸ்ட் வரை பதில், நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறியது. திருத்தணி தாலுகா மணவூரை எடுத்துக்கொள்வோம்.

தமிழ்நாடு அரசு 2023 ஏப்ரலில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. ரம்மியும் போக்கரும் தடைப் பட்டியலில் இருந்தன. 2023 நவம்பர் 9-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மி, போக்கர் இரண்டையும் அதிர்ஷ்ட விளையாட்டாகச் சேர்த்தது செல்லாது என்று தீர்ப்பளித்தது. எனவே மணவூரில் உட்கார்ந்து பணம் வைத்து ஆன்லைன் போக்கர் ஆடத் தடையில்லை. 2025-ல் வந்த விதிகளின்படி நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை மட்டும் ஆடக் கூடாது.

அதே ஆள் திருத்தணியைத் தாண்டி நகரி பக்கம் போனால்? அது ஆந்திரா. அங்கே 2020-லேயே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்குத் தடை. அதே ஆட்டம், அதே போன். எல்லைக்கு இந்தப் பக்கம் திறமை, அந்தப் பக்கம் குற்றம்!

இந்தக் குழப்பத்துக்கு நாடாளுமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. 2025 ஆகஸ்ட் 21-ம் தேதி ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறை மசோதா நிறைவேறியது. மறுநாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டை நாடு முழுக்க நடத்தக் கூடாது என்கிறது சட்டம். நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை.

இதையடுத்து இந்தியாவின் முக்கிய போக்கர் செயலிகள் பண ஆட்டத்தை நிறுத்தின. சட்டத்தை எதிர்த்து வழக்குகளும் தொடரப்பட்டன.

அப்படியென்றால் 'வெளிநாட்டு ஆப், இங்கே ஆடலாம்' என்று டெலிகிராமில் வரும் லிங்க்?

தொடாதீர்கள். அதை நடத்துபவர் யாரென்றே தெரியாது. ஜெயித்த பணம் வராவிட்டால் போய்க் கேட்க ஆபீஸ் கிடையாது. பணம் ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். ஆட்டத்தை விட முடியவில்லை, கடன் நெருக்குகிறது, மனசு உடைந்திருக்கிறது என்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.