கிட்டார், திறந்த சுருதியில்

இடக்கை விரல் எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஆறு கம்பிகளும் இசைந்து ஒலிக்கும்படி கிட்டாரைச் சேர்ப்பது திறந்த சுருதி எனப்படும். வழக்கமான சேர்ப்பில் தடித்த கம்பியிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ என்று வரும். கார்டுகளை மாற்றி மாற்றிப் பிடிக்க அது தோது. சட்ஜத்தை விட்டு நகராத நம் இராகங்களுக்கும், அவற்றைப் போலவே ஓர் ஆதார சுரத்தைச் சுற்றி வரும் ஐரோப்பியப் பழைய 'மோடு' இசைக்கும் அது அவ்வளவாக உதவாது. திறந்த சுருதியில் கிட்டாரே தம்புரா வேலையையும் பார்த்துக்கொள்ளும்.

1830-களில் மெக்சிகோ மாட்டுக்காரர்கள் ஹவாய்த் தீவுகளுக்குக் கிட்டாரைக் கொண்டுபோனார்கள். தீவு மக்கள் கம்பிகளைத் தளர்த்தித் தங்கள் பாட்டுக்கு ஏற்பச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த நூற்றாண்டின் இறுதியில் ஜோசப் கெகுகு எஃகுத் துண்டைக் கம்பிமேல் வழுக்கி வாசிக்கும் முறையைப் பரப்பினார். அந்த ஹவாய் அலை மலாயா மேடைகளிலும் அடித்தது. பேராக் மாநில கீதத்தின் மெட்டு 'தெராங் புலான்' என்ற காதல் பாட்டாக ஊரெங்கும் உலவியது. 1947-இல் பிரிட்டனில் பெலிக்ஸ் மெண்டல்சனின் ஹவாய்க் குழு அதை 'மாமுலா மூன்' என இசைத்தட்டில் பதிந்தது. பத்தே ஆண்டில், 1957-இல், அதே மெட்டு மலாயாவின் தேசிய கீதமான நெகாராகு ஆனது. பினாங்கில் பிறந்த மலாய்த் திரைக் கலைஞர் பி. ரம்லீ (1929–1973) இளமையில் ஹவாய் வாத்தியமான உக்குலேலே வாசித்தவர். அந்தக் காலப் பினாங்கு இசைக்குழுக்களின் கதையை பால் அகஸ்டினும் ஜேம்ஸ் லோக்ஹெட்டும் தனி நூலாகவே தொகுத்திருக்கிறார்கள்.

இந்தியாவில் இந்த வழுக்கு கிட்டாரை ஹிந்துஸ்தானி மேடைக்கு ஏற்றியவர் பிரிஜ் பூஷண் காப்ரா. அதை மாற்றியமைத்த மோகன வீணையுடன் 1994-இல் கிராமி விருது வாங்கியவர் விஸ்வ மோகன் பட். தமிழ்நாட்டுக்கு இந்த உத்தி புதிதல்ல. கோட்டுவாத்தியம் என்கிற சித்திரவீணை, ஃபிரெட்டு எனப்படும் மெட்டுக்கட்டைகளே இல்லாமல், வழுக்கியே வாசிக்கப்படுவது.

விரலால் அழுத்தி வாசிப்பவர்களுக்கு வசதியானது டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்ற சேர்ப்பு. மொராக்கோவில் ஊத் வாத்தியத்தைக் கேட்டுவந்த ஆங்கிலேயக் கலைஞர் டேவி கிரஹாம் 1960-களில் இதைப் பிரபலமாக்கினார். ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பிகளை ஒவ்வொரு முழுச்சுரம் இறக்கினால் போதும். மற்ற மூன்றையும் தொட வேண்டாம். டி என்பது இரண்டு கட்டை. அதைச் சட்ஜமாகக் கொண்டால் கம்பிகள் ச, ப, ச, ம, ப, ச ஆகின்றன. இதில் காந்தாரம் இல்லாததால், இதைத் திறந்த சுருதியாகவே ஏற்க மாட்டோம் என்பார்கள் சில கறார் பேர்வழிகள். காந்தாரம் இல்லாததே இதன் பலம் என்று சொல்ல வேண்டும்.

முதல் கம்பியில் 0, 2, 4, 5, 7, 9, 10, 12 ஆகிய ஃபிரெட்டுகளை வரிசையாக வாசித்தால் ஹரிகாம்போதி, அதாவது மேற்கத்தியரின் மிக்சோலிடியன். நான்காம் ஃபிரெட்டுக்குப் பதில் மூன்றைப் பிடித்தால் கரகரப்பிரியா. அத்துடன் ஒன்பதை எட்டாக்கினால் நடபைரவி; மேலும் இரண்டாம் ஃபிரெட்டுக்குப் பதில் ஒன்றைப் பிடித்தால் தோடி. நான்குக்கும் கம்பி சேர்ப்பு ஒன்றே. மூன்றாம் கம்பியின் இரண்டாம் ஃபிரெட்டில் வரும் பஞ்சமம், இரண்டாம் கம்பியைத் திறந்து மீட்டினாலும் வரும். இரண்டையும் அடுத்தடுத்து மீட்டும்போது ஒன்றின் ஒலி அடங்குமுன் மற்றது எழும். வேகமான சங்கதிகளுக்கு இந்த இரட்டை பெரிய துணை.

கல்யாணியில்தான் சிக்கல். அதற்குப் பிரதி மத்திமம் வேண்டும். திறந்த மூன்றாம் கம்பியோ சுத்த மத்திமத்தையே ஒலித்துக்கொண்டிருக்கும். ஆலாபனையின் நடுவே கை தவறி அது பட்டால் இராகம் கெட்டது. மூன்றாம் கம்பியையும் அரைச்சுரம் இறக்கினால் அது அந்தர காந்தாரம் ஆகிவிடும். கல்யாணியும் சங்கராபரணமும் அதில் நன்றாக அமரும். ஆனால் அதே சேர்ப்பில் சாதாரண காந்தாரம் கொண்ட கரகரப்பிரியாவையும் தோடியையும் வாசிக்க முடியாது. ஆக, திறந்த கம்பிகளில் எந்தச் சுரம் ஒலிக்கிறது என்று பார்த்துத்தான் இராகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சுர வரிசை வந்துவிட்டால் இராகம் வந்துவிட்டதாக எண்ணக் கூடாது. தோடியின் காந்தாரம் ஃபிரெட்டில் அசையாமல் நின்றால் அது தோடியே அல்ல. தளர்ந்த கம்பி பக்கவாட்டில் இழுக்க எளிது என்பதால் கமகத்துக்கு இந்தச் சேர்ப்பு ஒத்துழைக்கும். மெல்லிய கம்பியாக இருந்தால் தளர்ச்சியில் ஃபிரெட்டில் பட்டு இரையும். ஒரு படி தடித்த கம்பி நல்லது. பினாங்கின் ஈரக்காற்றில் எஃகுக் கம்பி சீக்கிரமே துருப்பிடித்து ஒலி மங்கும். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து வைக்க வேண்டும்.

பாடகருக்குப் பக்கத்தில் உட்காரும்போது கட்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு ஐந்தாம் ஃபிரெட்டில், எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் காப்போ என்ற கவ்வியை மாட்டினால் சரியாகும். ஒரு கட்டையில் பாடும் ஆணுக்குக் காப்போ உதவாது. எல்லாக் கம்பிகளையும் முழுச்சுரம் இறக்கி சி, ஜி, சி, எஃப், ஜி, சி என்று சேர்த்துக்கொள்ள வேண்டும்.