ரப்பர் கன்று வந்த கண்ணாடிப் பெட்டியும் நம் வீட்டு மீன் தொட்டியும்



தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு மீன் வளர்ப்பு புதியதன்று. மழை விட்ட மாலையில், ஓடையில் துண்டை விரித்துப் பிடித்த குஞ்சு மீனைப் போத்தலில் விட்டு, வாசல் திண்ணையில் வைத்து அழகு பார்த்த நாட்களை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். தோட்டத்தை விட்டுச் செலாயாங் போன்ற ஊர்களின் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிவந்த பின்னும் அந்த ஆசை நம்மை விட்டுப் போகவில்லை. போத்தல் போய்ப் பெரிய தொட்டி வந்திருக்கிறது. செய்து விற்கும் தொட்டி விலை கூடுதல் என்பதால், கண்ணாடி வாங்கி நாமே ஒட்டிக்கொள்ளலாம் என்று துணிகிறவர்களும் உண்டு. அவர்கள் முன் நிற்கும் முதல் கேள்வி, எந்தக் கண்ணாடி தாங்கும் என்பதே.

இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் நடுவிலே நம் முன்னோர்கள் பால் வெட்டிய ரப்பர் மரமும் நிற்கிறது.

1829ஆம் ஆண்டு. லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் நதானியேல் வார்ட் என்ற மருத்துவர் வாழ்ந்து வந்தார். செடி கொடிகளின் மீது அவருக்குத் தீராத பற்று. ஆனால், நகரத்துப் புகையிலே அவர் நட்ட பெரணிச் செடிகள் பட்டுப்போயின. ஒருநாள் அவர் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு ஒரு கண்ணாடிப் போத்தலில் இட்டு மூடி வைத்தார். சில நாள் கழித்துப் பார்த்தால், மூடிய போத்தலுக்குள் ஒரு பெரணியும் கொஞ்சம் புல்லும் துளிர்த்திருந்தன! மண்ணிலிருந்து எழுந்த ஈரம் கண்ணாடியில் முத்து முத்தாகப் படிந்து, மறுபடியும் மண்ணுக்கே இறங்கியது. வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றத் தேவையே இல்லை. இதைக் கண்ட வார்ட், மரச்சட்டமும் கண்ணாடியும் கொண்ட பெட்டிகளைச் செய்வித்தார். 1833இல் இரண்டு பெட்டிகள் கப்பலேறி ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரை அடைந்தன. உள்ளே இருந்த செடிகள் உயிரோடிருந்தன.

அதற்கு முன் கடல்வழி அனுப்பிய செடிகளில் பெரும்பாலானவை உப்புக் காற்றிலும் தண்ணீர்ப் பஞ்சத்திலும் மடிந்துபோயின. வார்ட் பெட்டி வந்த பிறகு நிலைமை மாறியது. 1876இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரத் தோட்டத்தில் சேர்த்தார். நூற்றுக்கு நான்கு விதைகளே முளைத்தன. அவ்வாண்டே 1,919 கன்றுகள் 38 வார்ட் பெட்டிகளில் இலங்கைக்குப் பயணமாயின. மறு ஆண்டு, 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் 9 கன்றுகள் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னாளில் மலாயாவின் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. அத்தோட்டங்களை நம்பியே நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறினார்கள். அவர்களுக்கு முன்னால் கடல் கடந்து வந்தது, கண்ணாடிக்குள் இருந்த ஒரு சாண் கன்று.

செடியைக் காத்த பெட்டியிலே மீனையும் வைத்தால் என்ன என்ற எண்ணம் பிறகு பிறந்தது. 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், தங்கமீன்களையும் நீர்ச்செடியையும் நத்தைகளையும் ஒரே கலத்தில் வைத்து, ஒன்றை ஒன்று வாழவைப்பதைக் காட்டினார். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. தமிழகத்திலும் எட்கர் தர்ஸ்டன் எடுத்த முயற்சியால், 1909இல் சென்னை மெரினா கடற்கரையில் ஒரு மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது.

இந்த ஆசை அந்தக் காலத்தில் பரவியதற்குக் காரணம் கண்ணாடியின் விலையே. இங்கிலாந்தில் 1845 வரை கண்ணாடிக்கு எடைக் கணக்கில் வரி இருந்தது. தடிப்பான கண்ணாடி என்றால் வரியும் தடிப்பு! வரி நீங்கியதும் விலை இறங்கியது. ஆயினும் அக்காலத்துக் கண்ணாடித் தகடு, ஊதிய உருளையைப் பிளந்து விரித்துச் செய்யப்பட்டது. அதில் அலையும் குமிழியும் இருக்கும். நேரான தகடு வேண்டுமென்றால் வார்த்து, இருபுறமும் தேய்த்து மெருகிட வேண்டும். அது செல்வர் வீட்டுப் பொருள். 1959இல் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் ஒரு புதிய முறையை அறிவித்தது. உருகிய கண்ணாடியை உருகிய ஈயத்தின் மீது மிதக்கவிடும் முறை அது. ஈயம் என்று நாம் இங்கே சொல்வது கிந்தா, கிள்ளான் பள்ளத்தாக்குகளில் தோண்டி எடுத்த அதே வெள்ளீயந்தான். தேய்க்காமலே இருபுறமும் ஒரே சமமாகத் தகடு கிடைத்தது. இன்று கண்ணாடிக் கடையில் நாம் வாங்குவது பெரும்பாலும் இந்த மிதவைக் கண்ணாடியே.

கண்ணாடி கிடைத்துவிட்டது. தாங்குமா என்பதை இனிப் பார்ப்போம்.

நான்கடி நீளமும், இரண்டடி அகலமும், இரண்டடி உயரமும் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதாவது 120, 60, 60 சென்டிமீட்டர். அதில் 432 லிட்டர் நீர் கொள்ளும். 1 லிட்டர் நீர் 1 கிலோ. கண்ணாடியின் எடையையும் சேர்த்தால் 500 கிலோவுக்கு மேல் போகும். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் நீர் ஏறக்குறைய 216 கிலோ பாரத்தோடு வெளியே தள்ளுகிறது. மூன்று நான்கு ஆட்கள் இரவும் பகலும் அதில் சாய்ந்து நிற்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நீளத் தொட்டியில் நீரின் உயரம் ஓரடியாக இருந்தால், பாரம் 54 கிலோதான். உயரம் இரண்டு மடங்கானால் பாரம் நான்கு மடங்காகிறது. ஆனால், தொட்டியின் அகலத்தை எவ்வளவு கூட்டினாலும் முன்கண்ணாடியின் மீதுள்ள பாரம் கூடாது. நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது, அளவைப் பொறுத்ததன்று. இதை சைமன் ஸ்டெவின் என்ற அறிஞர் 1586லேயே எழுதி வைத்தார்.

கண்ணாடியின் தடிப்பை இரண்டு மடங்காக்கினால், தாங்கும் வலிமை நான்கு மடங்காகிறது. ஆகவே, நான்கடி நீளத் தொட்டிக்கு ஓரடி உயரமென்றால் 6 மில்லிமீட்டர், ஒன்றரை அடியென்றால் 10, இரண்டடியென்றால் 12 மில்லிமீட்டர் என்பது தொட்டி செய்வோர் பொதுவாகக் கைக்கொள்ளும் கணக்கு. நீளம் கூடினால் கண்ணாடி நடுவில் வளையும். அதனால் மேல் விளிம்பில் குறுக்குப் பட்டைகள் ஒட்டுவது அவசியம்.

இங்கேதான் நம்மவர் சிலர் தவறுகிறார்கள். பழைய வீட்டை இடிக்கும்போது கழற்றிய சன்னல் கண்ணாடி சும்மா கிடைக்கிறதே என்று தொட்டிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். கண்ணாடி ஏன் உடைகிறது என்பதை 1920ஆம் ஆண்டுவாக்கில் ஆராய்ந்த கிரிஃபித் என்ற பொறியாளர், கண்ணுக்குத் தெரியாத சிறு கீறலே அதன் எதிரி என்று கண்டார். கீறலின் நுனியில் பாரம் குவிகிறது. நீர் படப்பட அந்தக் கீறல் மெல்ல மெல்ல வளரவும் செய்கிறது. முதல் நாள் தாங்கிய தொட்டி பல மாதம் கழித்து நள்ளிரவில் பிளப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே கீறலோ, விளிம்பில் சில்லு பெயர்ந்த இடமோ உள்ள தகடு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பதப்படுத்திய கண்ணாடி வலுவானதுதான். ஆனால், பதப்படுத்திய பிறகு அதை வெட்டவோ துளையிடவோ இயலாது. உடைந்தால் முழுத் தகடும் துகளாகி நீர் மொத்தமும் ஒரே நேரத்தில் கொட்டிவிடும். வீட்டில் ஒட்டுவோருக்குச் சாதாரண மிதவைக் கண்ணாடியே ஏற்றது. முன்காலத்தில் இரும்புச் சட்டத்தில் மக்குப் பூசி ஒட்டினார்கள். அது காய்ந்து வெடிக்கும். 1960களில் ரப்பரைப் போல நெகிழும் சிலிக்கோன் பசை வந்ததும் சட்டம் தேவையற்றுப் போயிற்று. பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்த சிலிக்கோன் மீனுக்கு நஞ்சு. ஆதலால் மீன் தொட்டிக்கென்றே விற்பதைக் கேட்டு வாங்குங்கள்.

2022 டிசம்பரில் ஜெர்மனியின் பெர்லின் நகரில், ஒரு ஹோட்டலுக்குள் இருந்த மாபெரும் மீன் தொட்டி வெடித்துப் பத்து லட்சம் லிட்டர் நீர் வீதியில் பாய்ந்தது. விடியுமுன் நடந்ததால் பேரிழப்பு தவிர்ந்தது. அது அக்கிரிலிக் தொட்டி, கண்ணாடியன்று. எந்தப் பொருளானாலும் நீரின் கணக்கு ஒன்றே.

நம் வீட்டில் அந்தத் தொட்டியின் அருகிலேதான் பிள்ளைகள் பாய் விரித்துப் படிக்கிறார்கள். எனவே மாடி வீட்டில் அரை டன் பாரம் வைக்குமுன், தரை தாங்குமா என்று கட்டட நிர்வாகத்திடம் கேளுங்கள். தொட்டியைச் சமமான பலகையில், நுரைத்தகட்டின் மேல் வையுங்கள். முதலில் வெளியே வைத்து, நீர் நிரப்பி, சில நாள் பார்த்த பிறகே உள்ளே கொண்டுவாருங்கள்.

நல்ல பெட்டியில் வந்த கன்றுகள் ஒரு நாட்டின் வாழ்வையே மாற்றின. நாம் செய்யும் பெட்டி ஒரு வீட்டின் மகிழ்ச்சியைத் தாங்கினால் போதும். அதற்குக் கண்ணாடியில் சில மில்லிமீட்டர் கூட்டிப் போடுவது வீண் செலவாகாது.