மண்ணோடு வந்த எறும்பு

சுறுசுறுப்புக்கு எறும்பை உவமை கூறுவோம். மனிதன் சென்ற இடமெல்லாம் உடன்சென்ற மஞ்சள் எறும்பு ஒன்றின் வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன். 1851-இல் சென்னை ஆய்விதழ் ஒன்றில் தென்னிந்திய எறும்புகளைப் பட்டியலிட்ட டாக்டர் ஜெர்டன் இதனையும் விவரித்தார். கலைத்தால் தாறுமாறாக ஓடும், கொட்டாது, அமிலத்தைப் பீய்ச்சும்.

சரக்கோடு கப்பலேறி இந்துமாக்கடலின் கிறிஸ்துமஸ் தீவை அடைந்த இவ்வெறும்பு, அங்கே கோடிக்கணக்கில் செந்நண்டுகளை மாய்த்தது. 2022-இல் திண்டுக்கல் மாவட்டக் கரந்தமலை அடிவாரத்திலும் பெருகிற்று; கால்நடைகளின் கண்களைத் தாக்குவதாக ஊரார் முறையிட்டனர்.

நஞ்சு மட்டும் இதனை வெல்லாது. செதில்பூச்சிகள் சுரக்கும் இனிப்பு நீரே இதன் பெருங்கூட்டத்தை வளர்க்கிறது. ஆதலின் ஆஸ்திரேலிய அறிஞர் 2016-இல் அப்பூச்சிகளை அழிக்கும் நுண்குளவியைத் தீவில் விடுவித்தனர். பகைவனின் களஞ்சியத்தையே அடைத்தனர்.

மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே, என் ஊராகிய அனுமந்தை வழியே கிழக்குக் கடற்கரைச் சாலை செல்கிறது. சாலையோரம் வீடுகள் எழுந்தால் வெளியூர் மண்ணும் நாற்றும் வந்திறங்கும். எறும்பு தானாகக் கடல் கடக்காது. ஊர்தி அளிப்பவர் நாமே. மாணவர்களே, நாற்றை நடுமுன் அதன் வேர்மண்ணை உற்று நோக்குங்கள்.